முழுக்க அடிக்காத ஆணி

ஹாட்வெயார் கடைக்கு ஒருவரும் சும்மா வருவதில்லை. வீட்டில் ஏதாவது ஒழுக வேண்டும், உடைய வேண்டும், அல்லது மச்சான்காரன் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

விசுவமடுச் சந்திக்குப் பக்கத்தில் அப்படியொரு கடையில் நான் வேலை செய்கிறேன். சாமான் விற்பது பாதி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய், அதை வைத்து என்ன செய்வது என்று காட்டிக்கொடுப்பது மிச்சப் பாதி. ஆணிக்குப் பதிலாகப் பெருவிரலை அடித்தவர்களே, ஒழுக்குக்குக் கீழே வாளியை வைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர்களே, இது உங்களுக்காக எழுதுவது.

ஆனால் நான் கூட்டங்களில் வளர்ந்தவன். இழைக்கப்பட்ட குற்றங்களை வரிசை மாறாமல் சொல்லிவிட்டுத்தான் மற்றக் கதைக்குப் போவேன். இவை தவமலர் என்ற தையற்காரியின் வீட்டுத்திட்ட வீட்டுக்கு இழைக்கப்பட்டவை.

முதலாவது, மாரியில் வெள்ளம் ஓடிவரும் பக்கத்தைப் பார்த்து வாசலை வைத்தார்கள். அவா சொல்லியும் கேட்கவில்லை; படம் கொழும்பில் கீறியாயிற்று என்றார்கள். இரண்டாவது, அரிக்காத மணலில் சுவருக்குச் சீமெந்துக் கல் அரிந்தார்கள். மூன்றாவது, காயாத மரத்தில் யன்னல் நிலைகளைச் செய்தார்கள். அடுத்த கோடையில் அவை முறுகி நின்றன. நான்காவது, சுவர் எழும்பிக் கூரை போட்டதும், ஒரு பக்கச் சுவரும் பூசாமல் மேசன் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஐந்தாவது, வீடு முடியுமுன் திறப்பு விழாவை முடித்து, வாசலில் ஒரு பலகை நாட்டினார்கள். உதவியவர், திட்டமிட்டவர், மேற்பார்த்தவர், நாடா வெட்டியவர் எல்லோருடைய பெயரும் அதில் இருந்தது. அந்த வீட்டில் இருக்கப்போகும் தவமலரின் பெயர் மட்டும் இல்லை.

வேலைநிறுத்தத்துக்கு ஏற்ற நாள்

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கூட்டுறவுக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினேன். அங்கே சங்கம் அமைத்தேன், வேலை போயிற்று. பிறகு வாய்க்கால் தண்ணீருக்காக, காணிக்காக, வீதிக்காக என்று எங்கே சனம் கூடினாலும் ஒலிபெருக்கி என் கையில்தான். கூட்டம் முடியும்போது குற்றம் செய்தவர்களின் பெயரைச் சனத்துக்கு முன்னால் உரத்து வாசிப்பது என் வழக்கம். அதனால் எனக்கு எதிரிகள் நிறைய, ஓய்வூதியம் இல்லை. வாசித்த பெயர் ஒன்றையும் நான் இன்றுவரை திரும்ப வாங்கியதில்லை. நான் முன்னுக்கு நின்று கேட்ட வீதியில் இன்றைக்குப் போகிறவர்கள் எனக்குக் கை காட்டுவதும் இல்லை.

கடை முதலாளி நிஸ்தார் நானா முல்லைத்தீவுக்காரர். மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்து, திரும்பி வந்து கடை போட்டவர். முதலாளிமாரைப் பற்றி நான் எழுதிய துண்டுப்பிரசுரங்களை அவர் வாசித்திருந்தார் என்பது வேலை கேட்கப் போனபோதுதான் தெரிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தில் ஒரு சாவியைக் கழற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "தோழர், வேலைநிறுத்தம் செய்யிறதெண்டா வெள்ளிக்கிழமை மத்தியானம் வச்சுக்கொள்ளுங்கோ, அந்த நேரம் கடை எப்பிடியும் பூட்டுத்தான்."

சுவரோடு சண்டை

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தது. துண்டுப்பிரசுரத்தில் ஒரு நன்மை உண்டு: ஒற்றைத் தாளில் அடங்காததை அது பேசாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வீட்டு வேலையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே கதவுப் பிணைச்சல் மாற்றுவது, பைப்புக்கு வோஷர் போடுவது, சுவர் பூசுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதி, சாமானோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினேன்.

தவமலர் முதன்முதலில் கடைக்கு வந்தது மணல் அரிக்கும் அரிதட்டு வாங்க. வீட்டைத் தானே பூசப் போவதாகச் சொன்னா. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் தையல் மெசினோடு இருக்கிறா. வீடு முழுதாக முடியாமல் உள்ளே பால் காய்ச்சுவதில்லை என்று பிடிவாதம். கணவர் இல்லை. அதைப் பற்றி அவா கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பூச்சுக்கான தாளைக் கொடுத்தேன். "பூசுமுன் சுவரை நனை! காய்ந்த சுவர் சாந்தின் எதிரி! தடிப்பாக அப்பும் கையை நம்பாதே! பூசியபின் தண்ணீர் விட மறந்தவன் தன் வீட்டுக்கே துரோகி!" எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத தாள் அது. நின்ற நிலையில் முழுவதும் வாசித்து முடித்துவிட்டுத் தவமலர் கேட்டா: "அண்ணை, இது சுவர் பூசவோ, சுவரோட சண்டை பிடிக்கவோ?"

விரல் மொத்தத்தில் நின்ற தலை

அடுத்த ஞாயிறு, ஏறி நின்று பூசுவதற்குச் சாரம் கட்டிக் காட்டப் போனேன். பின்னால் கொட்டிலைப் பார்த்தபோது ஒரு விசயம் கண்ணில் குத்தியது. கூரைத் தகரத்தில், கதவுச் சட்டத்தில், குசினித் தட்டில், ஓர் ஆணியும் முழுதாக உள்ளே போகவில்லை. எல்லா ஆணியின் தலையும் ஒரு விரல் மொத்தத்துக்கு வெளியே நின்றது. பாலைமரம் இறுக்கம், அதுதான் ஏறவில்லை என்று நினைத்தேன். புதுவீட்டுக் குசினியில் தட்டு அடிக்கும்போது, முதலில் மெல்லிய துளை போடுங்கோ, ஆணியின் நுனியில் சவர்க்காரம் பூசுங்கோ, பாலையிலும் வழுக்கிக்கொண்டு போகும் என்று சொல்லி அடித்தும் காட்டினேன். நல்லாகத்தான் போனது. கடைசி அடிக்கு ஓங்கிய நேரம் தவமலர் என் மணிக்கட்டைப் பிடித்தா.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு விளங்கியிருக்கும். இடம்பெயர்ந்த காலத்தில் கூரைத் தகரத்தையும் கதவையும் யன்னலையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடியவர்கள் நாங்கள். வீட்டைக் கழற்றத் தெரியாத ஒருவரும் வன்னியில் இல்லை. அதன் பிறகு எங்கள் கை ஆணியை முழுக்க அடிப்பதில்லை. அக்கராயனில் இருந்து வந்து குடியேறிய ஒருவர், வாசல் நிலையைச் சீமெந்து வைக்காமல் நட்டும் போல்ட்டும் போட்டுப் பொருத்தலாமோ என்று என்னிடம் கேட்டிருக்கிறார். என் அறையில் சட்டை கொழுவுகிற ஆணியும் அளவுக்கு மிஞ்சி வெளியேதான் நிற்கிறது. மணிக்கட்டை விடாமல் தவமலர் சொன்னா: "காணும் அண்ணை, முழுக்க அடிச்சா கழட்டேக்க பலகை வெடிச்சுப்போம்."

முதற் பூச்சு

முதல் நாள் பூசிய சுவர் மறுநாள் மத்தியானமே பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுந்தது. தாளில் முதலாவதாக எழுதியதை அவா செய்யவில்லை. கிணற்றில் தண்ணீர் குறைவாக இருந்ததால் சுவரை ஒப்புக்குத் தெளித்திருக்கிறா. வெயிலில் கிடந்த கல் சாந்தின் ஈரத்தை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டது. உங்கள் வீட்டிலும் பூச்சுக் கழன்றால் முதலில் சீமெந்தைத் திட்டாதீர்கள். சுவருக்குக் குடிக்கக் கொடுத்தோமா என்று யோசியுங்கள்.

நான் போனபோது அவா விழுந்ததைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தா. அழுவா என்று நினைத்து, ஆறுதலுக்கு நாலு வசனம் தயாராக வைத்திருந்தேன். அவா வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை அதில் இருக்கச் சொன்னா. பிறகு பக்கத்து வீட்டுக் கிணற்றில் இருந்து தோட்டத்துக்கு அடிக்கிற நீண்ட குழாயை இழுத்துவந்து சுவர் கறுக்கும் வரை நனைத்து, மறுபடி மெல்லிசாகப் பூசத் தொடங்கினா. துணி வெட்டுகிற கை. ஓரம் பிசகவில்லை. ஒரு பக்கத்தை முடித்து, பலகையால் தேய்த்து மட்டம் பார்த்த பிறகுதான் வாய் திறந்தா: "விழுந்தாலும் ஒரு நிம்மதி அண்ணை, ஏன் விழுந்ததெண்டு ஒருத்தரையும் போய்க் கேக்கத் தேவையில்லை."

கதவுக்கு ஒரு நிறம்

நாலு சுவரும் காய்ந்ததும் கதவுக்கும் யன்னலுக்கும் பெயின்ற் வாங்க வந்தா. கதவுக்குச் சிவப்பு, யன்னலுக்கு மஞ்சள் என்றா. நிஸ்தார் நானா கல்லாவில் இருந்து எழும்பி, வீதியை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, சிவப்பை இண்டைக்குக் கொண்டு போங்கோ, மஞ்சளுக்கு அடுத்த கிழமை வாங்கோ" என்றார். இங்கே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழைய கொடியோ என்று ஆராவது வந்து கேள்வி கேட்பார்கள் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

சரி, நீலம் என்றா. அது ஒரு கட்சியின் நிறம் என்றேன். பச்சை என்றா. அது மற்றக் கட்சி. கொஞ்சம் மங்கினால் ஆமி முகாமின் நிறம் என்றேன். தனிச் சிவப்பை நான் பரிந்துரைத்தேன். அதில் எனக்குப் பழைய பற்று உண்டு. நானா தலையில் கை வைத்தார். கடைசியில் மரத்தின் நிறம் தெரியும் வார்னிஷ் போத்தல் ஒன்றைத்தான் எடுத்தா. சாண்ட் பேப்பரால் மர வரி ஓடும் திசையில் மட்டும் தேய்க்கச் சொன்னேன். போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு, கடைப்படியில் நின்று திரும்பிக் கேட்டா: "அப்ப தோழர், எங்கட நாட்டில பெயின்ற் அடிக்காத கதவுதான் நடுநிலையோ?"

வரலாறு வேண்டாம்

வேலை முடியும் தறுவாயில் தவமலரின் தமையன் சிவபாலன் கடைக்கு வந்தார். கெட்டவர் அல்ல. தங்கச்சிக்காகக் கூரைச் சலாகை ஏற்றியவர். குடிபூரலுக்கு நாள் வைத்துவிட்டதாகச் சொன்னார். எங்கள் பக்கத்தில் பால் காய்ச்சி முடிந்ததும், தச்சரையும் மேசனையும் பெயர் சொல்லி முன்னே அழைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு வேட்டி சால்வை வைத்த தட்டத்தைக் கையில் கொடுப்பது வழக்கம். யாருடைய பெயர் அழைக்கப்படுகிறதோ, வீடு அவருடைய கைவேலை என்று ஊர் வைத்துக்கொள்ளும். சிவபாலன், பாதியில் போன மேசன் குணத்தைத் தேடிப் பிடித்து, அன்றைக்கு வந்து தட்டம் வாங்கச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"பூசினது உங்கட தங்கச்சியல்லோ?" என்றேன். "பொம்பிளை பூசின வீடெண்டா சனம் சுவரைத்தான் பாக்கும், சோத்தைப் பாக்காது. நாளைக்கு ஒரு வெடிப்பு வந்தா அவளைத்தான் சிரிப்பினம்" என்றார். அக்கறைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் தங்கள் சுவரையும் பூசித் தரும்படி தவமலரிடம் கேட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். குணம் பூசிய வீடு என்று ஊர் ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வேலை குணத்துக்குத்தான் போகும். தவமலர் பழையபடி சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் நெஞ்சை நிமிர்த்திப் பேசத் தொடங்கியதும் சிவபாலன் கையைக் காட்டி மறித்தார். பெயர் அழைக்கக் குரல் வேண்டும், அதற்குத்தான் என்னிடம் வந்தாராம். போகும்போது மோட்டார்சைக்கிளில் ஏறி இருந்துகொண்டு சொன்னார்: "பேரை மட்டும் வாசியுங்கோ அண்ணை, வரலாறு வேண்டாம்."

கழட்டுகிறவர்களின் பாடு

குடிபூரலுக்கு முதல் நாள் பின்னேரம் ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினேன். குணம் தட்டம் வாங்க வருகிற செய்தி தவமலருக்கு முன்பே போயிருந்தது. "உங்கட அண்ணையோட கதைச்சியளோ?" என்று கேட்டேன். "அவரோட வாய் குடுத்தா குடிபூரல் நடக்காது, சண்டைதான் நடக்கும்" என்றா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் சுத்தியலைக் கேட்டு வாங்கினா.

குசினித் தட்டில் இருந்து தொடங்கினா. அன்றைக்கு என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திய அந்த ஆணியின் தலையில் ஓர் அடி. அது மரத்தோடு மரமாகிவிட்டது. பிறகு பக்கத்து ஆணி. பிறகு கதவுக் கொண்டி, யன்னல் ஓரம், கூரை விளிம்புப் பலகை. வெளியே நின்ற ஒவ்வொரு தலையையும் தேடித் தேடி அடித்தா. வீடு முழுக்கச் சத்தம். பந்தல் போட வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பலகை ஒன்றும் வெடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் முன்பே துளை போட்டுத்தானே அடித்திருந்தா. கடைசி ஆணியை அடித்து, அது நின்ற இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஏணியில் இருந்தபடியே என்னைக் குனிந்து பார்த்துச் சொன்னா: "இனி ஆராவது கழட்டிறதெண்டா, கழட்டிறவை கஷ்டப்படட்டும்."

தட்டம்

பால் பொங்கியது. ஐயர் காரியத்தை முடித்துக்கொண்டு போனார். பந்தலில் ஊர் இருந்தது. நிஸ்தார் நானா முன்வரிசையில் சோடாப் போத்தலோடு இருந்தார். முதலில் தச்சரை அழைத்தேன். வந்து வாங்கினார். நிலைகள் முறுகியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வரலாறு வேண்டாம் என்றார்களே. அடுத்த தட்டத்தைச் சிவபாலன் ஏந்திக்கொண்டு நின்றார். குணம் வெள்ளை வேட்டியோடு வாசற்படிக்கு அருகே தயாராக நின்றார். நிற்கிற நேரத்தில், தொழில்காரனுக்கு உள்ள பழக்கம், கை சும்மா இருக்காமல் சுவரைத் தடவியது. தடவிய கை நின்றது. மேலே பார்த்தார், மூலையைப் பார்த்தார், ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தார். பிறகு பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "உது என்ர பூச்சில்லையே. ஆர் உதைப் பூசினது?" என்றார்.

சிவபாலன் என்னை முறைத்தார். நான் ஒரு வார்த்தைகூட வரலாறு சொல்லவில்லை என்பதற்கு அந்தப் பந்தலே சாட்சி. கேட்ட கேள்விக்கு மைக்கில் ஒரு பெயரை வாசித்தேன், அவ்வளவுதான். பிறகு குணம் தானே ஒதுங்கி வழிவிட்டார். தவமலர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குசினியில் இருந்து வந்தா. சிவபாலன் தட்டத்தைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், சுவரையும் பார்த்தார். பிறகு கொடுத்தார், இரண்டு கையாலும். பின்வரிசையில் ஒரு கிழவர், "பிள்ளை, வேட்டியை என்ன செய்யப்போறாய்?" என்று பகிடி விட்டார். சனம் சிரித்தது. தவமலரும் சிரித்துக்கொண்டு, கூச்சம் இல்லாமல் சொன்னா: "யன்னலுக்குத் திரை தைப்பன் அப்பு, அதுவும் வீட்டு வேலைதானே."

வாசலில் அந்தப் பலகை இப்போதும் நிற்கிறது. அதன் சட்டத்தில் தவமலர் பாகற்கொடியை ஏற்றி விட்டிருக்கிறா. பக்கத்து வீட்டுச் சுவரை அடுத்த திங்கள் தொடங்குகிறா, அரிதட்டை இரவல் கொடுக்க மாட்டாவாம்.

என் காலத்தில் எத்தனையோ பெயர்களைச் சனத்துக்கு முன்னால் உரத்து வாசித்து எதிரிகளைச் சம்பாதித்தவன் நான், பின்னால் சேர்க்க ஒரு குற்றமும் இல்லாமல் வாசித்தது இந்த ஒன்றைத்தான்: "மேசன், செல்வராசா தவமலர்!"